பழைய உல்லாசப் படகு: வாங்கும் விலை சிறிது, வைத்திருக்கும் விலை பெரிது

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டிய நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்த மூன்றாவது மாதம், அவருடைய மூத்த மகன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டியிருக்கிறான். 34 அடி நீளமுள்ள மோட்டார் யாட், கண்ணாடியிழை உடல், இரண்டு டீசல் இயந்திரம், படுக்கையறை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உண்டு. வயது 25. விலையோ ஒரு புதிய ஃபோர்வீல் வண்டியின் விலைதான்.

"சனி ஞாயிறு குடும்பத்தோட போகலாம், மத்த நாள்ல சுற்றுப்பயணிகளை ஏத்தலாம்னு பையன் சொல்றான் அண்ணே. நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்று நண்பர் கேட்டார். விசாரித்ததில் தெரிந்தவற்றை அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. இதே எண்ணம் இப்போது பல குடும்பங்களில் ஓடுகிறது.

காரணம் தெளிவு. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. ஆற்றோரச் சுற்றுலா, மின்மினிப் பூச்சி, சதுப்புநிலக் காடு, தூண்டில் பயணம் என்று பேச்சு பலமாக இருக்கிறது. கோலசிலாங்கூர், கோலசெப்பெத்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான், காரித் தீவு ஆகிய இடங்களெல்லாம் நம்மவர்கள் தோட்டத்தில் வேலை செய்த இடங்கள். ஆற்றையும் கடலையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை, அதில் ஒரு தொழில் இருக்கிறதா என்று கேட்பது நல்லதுதான். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இந்தப் படகை வாங்க நம்மால் முடியுமா?" என்பது தவறான கேள்வி. "இந்தப் படகை ஐந்து ஆண்டு வைத்திருக்க நம்மால் முடியுமா? அது நாம் போக நினைக்கும் தண்ணீரில் போகுமா?" என்பதே சரியான கேள்வி.

டீசல் விலை மாற்றிய கணக்கு

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நின்றது. அன்று லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதன்பிறகு விலை உலகச் சந்தையைப் பின்பற்றி ஏறி இறங்குகிறது. லோரிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நமக்குத் தெரியும். பழைய டீசல் படகுகளின் சந்தைக்கும் இதே அடிதான். மலிவான டீசல் காலத்தில் வாங்கிய இரட்டை இயந்திரப் படகுகளை ஓட்டுவதற்குச் செலவு கூடிவிட்டது. விலை குறைந்து கிடக்கும் ஒரு படகைப் பார்த்து "அடித்தது யோகம்" என்று நினைக்கும் முன், விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர் தீவு ஏறக்குறைய 90 கடல் மைல். நண்பரின் மகன் பார்த்த படகில் தலா 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டீசல் இயந்திரங்கள். டீசல் இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. எழுபது விழுக்காட்டு விசையில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 56 லிட்டர். 20 நாட் வேகத்தில் பங்கோர் போக நாலரை மணி நேரம், 252 லிட்டர். போய்த் திரும்ப 504 லிட்டர். பழைய விலையில் 1,084 வெள்ளி. 3 வெள்ளி 35 காசு விலையில் 1,688 வெள்ளி. இது காற்றும் நீரோட்டமும் எதிர்க்காத நாளின் கணக்கு.

அதே நீளமுள்ள இன்னொரு வகைப் படகு உண்டு. மெதுவாகப் போவதற்கென்றே கட்டிய, அடிப்பாகம் உருண்ட, 'டிராலர்' வகை யாட். 80 குதிரைத்திறன் கொண்ட ஒரே இயந்திரம், வேகம் 7 நாட், மணிக்கு எட்டு லிட்டர் அளவில் போதும். பங்கோருக்கு 13 மணி நேரம், சுமார் 104 லிட்டர், 350 வெள்ளிக்குள். ஆனால் 13 மணி நேரம் என்பது பகல் வெளிச்சத்துக்குள் அடங்காது. வழியில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் தங்கியாக வேண்டும். வேகத்துக்குப் பணம் கொடுப்பதா, பணத்துக்கு நேரம் கொடுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்யாமல் படகு தேடக் கூடாது.

இங்கே ஓர் இயற்பியல் விதியும் இருக்கிறது. மெதுவகைப் படகின் உச்ச வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தால் கட்டுப்பட்டது. அடிக்கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். நீர்க்கோட்டில் 30 அடி உள்ள படகுக்கு 7 நாட் சொச்சம். அதற்கு மேல் இயந்திரத்தை எவ்வளவு அழுத்தினாலும் டீசல்தான் எரியும், படகு விரையாது. "பெரிய எஞ்சின் போட்டா வேகமாப் போகும்" என்று விற்பவர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. மீனவர்களுக்கு இன்னமும் உதவித்தொகை டீசல் உண்டு. "தெரிந்த மீனவரிடம் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது மீன்பிடித் தொழிலுக்கானது. உல்லாசப் பயணத்துக்கும் சுற்றுலாவுக்கும் அதைத் திருப்பிவிடுவது குற்றம்.

ஆறு வேறு, கடல் வேறு

"ஆத்துலயும் ஓடணும், கடல்லயும் ஓடணும்" என்பது எல்லாரும் சொல்லும் ஆசை. இரண்டும் ஒரே படகில் கிடைக்கும், ஆனால் விட்டுக்கொடுத்துத்தான் கிடைக்கும்.

முதலில் ஆழம். நம் மேற்குக் கரை ஆறுகள் வண்டல் சுமந்து வருபவை. முகத்துவாரத்தில் சேறு மேடு தட்டிக் கிடக்கும். போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். காலையில் தாராளமாகப் போன இடத்தில் பிற்பகலில் கொக்கு நடந்துகொண்டிருக்கும். தண்ணீருக்குள் ஒரு மீட்டருக்கு மேல் அமிழும் படகு ஆற்றுப் பயணத்துக்குத் தலைவலி.

அடுத்தது உயரம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மேல்தளத்தில் நின்று ஓட்டும் வசதி உள்ள யாட் நீர்மட்டத்திலிருந்து நான்கு, ஐந்து மீட்டர் உயரம் நிற்கும். ஆற்றுப் பாலங்களின் அடியில் அது நுழையுமா? இங்கேதான் சிக்கல். பாலத்தின் அடியில் புகத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். முகத்துவாரத்துச் சேற்றுமேட்டைத் தாண்டத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. படகின் உயரத்தை விளம்பரத்தில் போட்டிருக்க மாட்டார்கள். நீங்களே நாடா பிடித்து அளக்க வேண்டும்.

மூன்றாவது, ஆற்றில் மிதப்பவை. மலையில் மழை பெய்த மறுநாள் ஆற்றில் மரக்கட்டை வரும், நிப்பா மட்டை வரும், வலைத்துண்டு வரும், பிளாஸ்டிக் பை எப்போதும் வரும். இயந்திரத்தைக் குளிர்விக்க வெளித்தண்ணீரை உறிஞ்சும் குழாயில் ஒரு பை ஒட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் இயந்திரம் கொதித்துவிடும். வண்டல் நீர், தண்ணீர் தள்ளும் ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். அதனால் ஆற்றில் ஓடும் படகில் வடிகட்டி பெரிதாக இருக்க வேண்டும், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இம்பெல்லர் உதிரி ஒன்று எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும்.

இயந்திரம் படகை எப்படித் தள்ளுகிறது என்பதும் முக்கியம். ஷாஃப்ட் வகையில், அடிக்கட்டையின் காப்புக்குள் புரொப்பல்லர் இருந்தால் மிதக்கும் கட்டையில் தப்பிக்கும். பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இயந்திரத்தைத் தூக்கிவிடலாம். சேற்றில் மாட்டினாலும் மீளலாம், பழுதென்றால் கழற்றி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். இயந்திரம் உள்ளே, கியர் கால் வெளியே என்று இருக்கும் 'ஸ்டெர்ன் டிரைவ்' வகை, நம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஆண்டு முழுதும் ஊறிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கும், ரப்பர் உறை வெடிக்கும், அந்த ஓட்டை வழியே படகுக்குள் தண்ணீர் வரும். நிரந்தரமாகத் தண்ணீரில் நிறுத்தப்போகிறவர் பழைய ஸ்டெர்ன் டிரைவ் படகைத் தவிர்ப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் ஆற்றை நம்பிப் பிழைப்பவர்களைப் பாருங்கள். கோலசெப்பெத்தாங் போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுகள் பெரும்பாலும் நீளமான, ஆழம் குறைந்த கண்ணாடியிழைப் படகுகள், பின்னால் அவுட்போர்டு. படுக்கையறை கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கத் துடுப்புப் படகே புகழ்பெற்றது. பெரிய படகின் இரைச்சலும் அலையும் கரையையும் பெரெம்பாங் மரங்களையும் கெடுத்தால் மின்மினியும் இருக்காது, தொழிலும் இருக்காது.

பழைய உடலைப் பரிசோதிப்பது

லோரி வாங்கத் தெரிந்தவருக்குப் படகு வாங்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. லோரி தார்ச்சாலையில் நிற்கிறது. படகு தன்னை அரிக்கும் தண்ணீரிலேயே நிற்கிறது. அதனால் முதல் விதி: தண்ணீரில் மிதக்கும் படகைப் பார்த்து விலை முடிக்காதீர்கள். கரையில் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும் கூலியை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை.

கரையேறியதும் அடிப்பகுதியைப் பாருங்கள். கண்ணாடியிழைக்குள் நீர் ஊறியிருந்தால் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். ஒன்றிரண்டு கொப்புளம் பேரம் பேசக் காரணம். உடலெங்கும் கொப்புளம் என்றால் விலகி நிற்கக் காரணம். ஆய்வாளர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்க வேண்டும். 'தொப் தொப்' என்றால் உள்ளே பலகை அழுகியிருக்கிறது அல்லது இழைகள் பிரிந்திருக்கின்றன. தளத்திலும் இதே சோதனை. காலால் மிதிக்கும்போது மெத்தைபோல் அமுங்கினால் உள்ளிருக்கும் பிளைவுட் போய்விட்டது. மேலே தேக்குப் பலகை போட்ட படகு பார்க்க அழகு. ஆனால் பலகையைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான திருகாணிகளில் ஒவ்வொன்றும் மழைநீர் இறங்கும் வழி.

புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டிகள் இருக்கும். மற்ற உலோகங்கள் அரிபடாமல் தான் அரிபட்டுக் காப்பது அதன் வேலை. அது பாதி தேய்ந்திருந்தால் சரி. முழுதும் கரைந்து காணாமல் போயிருந்தால், அடுத்து கரைந்தது எது என்று கேளுங்கள். புரொப்பல்லர் வெண்கலம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதன் துத்தநாகமும் போய்க்கொண்டிருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பாத வால்வு, குழாய் அறுந்த நாளில் படகை மூழ்கடிக்கும்.

இயந்திரத்தில் முதல் சோதனை, கையை வைத்துப் பார்ப்பது. நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் இயந்திரமாக இருக்கலாம். கிளப்பியதும் புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை தொடர்ந்தால் எரியாத டீசலோ தண்ணீரோ வருகிறது. பிறகு கடலுக்குக் கொண்டுபோய் முழு விசையில் ஓட்டச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சச் சுழற்சியை எட்ட வேண்டும், வெப்பமுள் நிலையாக நிற்க வேண்டும். இயந்திர எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், உள்ளே எந்த உலோகம் தேய்கிறது, கடல்நீர் கலந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

"இருபது வருஷத்துல 500 மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்பது பெருமையாகச் சொல்லப்படும் வாசகம். அது எப்போதும் நல்ல செய்தி அல்ல. ஓடாமல் கிடந்த கடல் இயந்திரம் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஒழுங்காகப் பராமரித்து, பதிவேடு வைத்து, 2,000 மணி நேரம் ஓடிய டீசல் இயந்திரம் அதைவிட நம்பத்தக்கது.

நம் நாட்டு டீசலில் ஒரு தனிச் செய்தி உண்டு. பம்பில் வரும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. பத்து விழுக்காட்டுக் கலப்பு 2019இல் தொடங்கியது. தோட்டத்தில் நம்மவர்கள் வெட்டிய குலையின் எண்ணெயே அது. தினமும் ஓடும் லோரிக்கு அதனால் தொல்லையில்லை. மாதக்கணக்கில் நிற்கும் படகின் தொட்டியில் கதை வேறு. பயோடீசல் காற்றின் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். அந்த நீரில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளிபோல் படியும். அலை குலுக்கும் நாளில், அதாவது இயந்திரம் நிற்கவே கூடாத நாளில், அந்தச் சளி கிளம்பி வடிகட்டியை அடைக்கும். 25 வயதுப் படகின் பழைய ரப்பர் குழாய்களையும் அது இளக்கக்கூடும். தொட்டியின் அடியிலிருந்து ஒரு புட்டி டீசல் எடுத்து வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பெட்ரோல் இயந்திரம் உள்ளே பொருத்திய படகு என்றால் கூடுதல் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். காற்றுறிஞ்சி வேலை செய்யாத அப்படிப்பட்ட படகில் ஏறவே கூடாது.

இவ்வளவையும் நாமே பார்த்துவிட முடியாது. சொந்தமாக ஒரு கடல்சார் ஆய்வாளரை அமர்த்துங்கள். விற்பவர் கைகாட்டும் ஆய்வாளர் வேண்டாம். அவருடைய கட்டணம் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு டீசல் இயந்திரத்தை மாற்றும் செலவுக்கு முன் அது ஒன்றுமில்லை. காப்புறுதி நிறுவனங்களும் பழைய படகுக்கு ஆய்வறிக்கை கேட்பது வழக்கம்.

தாள்களில் மறைந்திருக்கும் ஓட்டை

நண்பரின் மகன் பார்த்த படகு வடக்கே லங்காவியில் நிற்கிறது. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. உலகம் சுற்றும் வெளிநாட்டவர் பலர் அங்கே வந்து, வயதாகி, படகை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நல்ல படகுகள் கிடைப்பதும் உண்மை. ஆனால் அங்கே வரி கட்டாமல் நிற்கும் படகை கிள்ளானுக்கோ லூமுட்டுக்கோ நிரந்தரமாகக் கொண்டுவந்தால் சுங்கத்துறை தன் பங்கைக் கேட்கும். வரி கட்டிய படகா, கட்டாத படகா? கட்டிய ரசீது எங்கே? இதை விலை பேசும் முன் கேட்க வேண்டும், பேசிய பின் அல்ல.

வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகென்றால், அந்த நாட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கிய சான்றிதழ் இல்லாமல் இங்கே பதிவு செய்ய முடியாமல் சிக்கிக்கொள்ளலாம். பதிவிலுள்ள பெயர் விற்பவரின் பெயரா, படகின் உடல் எண்ணும் இயந்திர எண்களும் தாளில் உள்ளவையா, படகின் மேல் அடமானம் உண்டா, மரினாவில் வாடகை பாக்கி உண்டா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பதிவுக்கும் உரிமத்துக்கும் போக வேண்டிய இடம் மலேசியக் கடல்துறை. ஆற்றில் தொழில் செய்வதென்றால் இன்னொரு கதவும் உண்டு. நம் கூட்டரசு அரசமைப்பில் கப்பலோட்டம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, ஆறு மாநில அரசின் பட்டியலில் இருக்கிறது. ஒரு கதவில் அனுமதி வாங்கிவிட்டு மற்றதை மறந்தால் தொழில் தொடங்கும் முன்பே நின்றுவிடும்.

"சனி ஞாயிறு நமக்கு, மற்ற நாள் பயணிகளுக்கு" என்ற மகனின் திட்டத்தில்தான் பெரிய ஓட்டை. சொந்தப் பயன்பாட்டுக்கான படகில் கட்டணம் வாங்கி ஆளேற்றக் கூடாது. பயணிகளை ஏற்றுவதற்கு அதற்குரிய உரிமம், பாதுகாப்புச் சோதனை, ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, தகுதிச் சான்றுள்ள ஓட்டுநர், பயணிகளையும் உள்ளடக்கிய காப்புறுதி எல்லாம் வேண்டும். சுற்றுலாப் பயணம் நடத்துவது தொழிலானால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டமும் வந்து நிற்கும். உரிமமில்லாமல் ஏற்றி ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். அன்று போவது படகு மட்டுமல்ல, வீடும்தான்.

உயிர்க் கணக்கு

2025 ஜூன் 28ஆம் தேதி இரவு பெர்ஹெந்தியான் தீவருகே சுற்றுப்பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். விடுமுறைக்குப் போன நம் சமூகத்துக் குடும்பத்துக்கு நேர்ந்தது அது. படகு வாங்கும் எண்ணம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரவைப் பற்றி ஒருமுறை பேசிவிட்டுத்தான் பேரத்துக்குப் போக வேண்டும்.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் சிறு யாட் அங்கே வேலையற்றது. மேற்குக் கரை அமைதியானது என்று பெயர். ஆனால் தென்மேற்குப் பருவக் காலத்தில் 'சுமத்ரா' என்று கடலோடிகள் அழைக்கும் திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன், இடியுடன் வந்து அடிக்கும். மலாக்கா நீரிணையோ உலகின் மிகப் பரபரப்பான கப்பல் வழிகளில் ஒன்று. போர்ட் கிள்ளான் வாய்க்காலில் வரும் கொள்கலன் கப்பல் உங்களுக்காக நிற்காது, அதனால் நிற்கவும் முடியாது. குறுகிய வாய்க்காலில் 20 மீட்டருக்குக் குறைந்த படகுதான் வழிவிட வேண்டும் என்பது அனைத்துலகக் கடல் விதி.

ஆகவே விலைப்பட்டியலில் குளிர்சாதனத்துக்கு முன்னால் இவற்றை எழுதுங்கள்: ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை, அதிலும் குழந்தைகளுக்குத் தனி அளவு; வேலை செய்யும் விஎச்எஃப் வானொலி, அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை; தீயணைப்பான்; இரவு விளக்கு; நங்கூரமும் போதுமான சங்கிலியும்; தண்ணீர் இறைக்க மின்பம்பும் கைப்பம்பும். சட்டை பெட்டிக்குள் இருந்தால் அது உயிர்காப்பு அல்ல. படகு கிளம்பும் முன் உடம்பில் இருக்க வேண்டும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. நம் பாட்டன்மார் ரஜூலா போன்ற கப்பல்களில் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு நம்மில் பெரும்பாலோர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்து வாழ்ந்தோம். பேரப்பிள்ளைகள் மறுபடி தண்ணீரைத் திரும்பிப் பார்ப்பது மகிழ்ச்சியே. ஆனால் சேமநிதிப் பணம் பாடம் படிக்கும் பணமல்ல. அது முதுமையின் சோறு.

படகுக்காரர்களிடையே ஒரு வாய்க்கணக்கு உண்டு. ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கு என்பார்கள். பழைய படகுக்கு இது ஏமாற்றும் கணக்கு. படகின் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக இயந்திர உதிரியின் விலை பாதியாகாது. மரினா வாடகையும் படகின் வயதைப் பார்த்து அல்ல, நீளத்தைப் பார்த்து வாங்கப்படுகிறது. 34 அடிப் படகு, ஐந்து வயதானாலும் 25 வயதானாலும், 34 அடிக்குத்தான் வாடகை கட்டும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் பூச்சு அடிக்க, நம் கடலில் ஆண்டுக்கொரு முறையாவது கரையேற்ற வேண்டும். ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் படகில் போடுபவர், இரண்டாம் ஆண்டிலேயே அதை விற்கும் விளம்பரத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

நண்பரிடம் நான் சொன்னது மூன்றுதான். முதலாவது, வாங்கும் முன் ஓராண்டு வாடகைப் படகில் போங்கள். குடும்பத்தில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்கிறது, யாருக்குக் குமட்டுகிறது என்பது மூன்றாவது பயணத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது, தொழில்தான் நோக்கம் என்றால் யாட் வேண்டாம். மகன் முதலில் ஓட்டுநர் சான்று எடுக்கட்டும், உரிமமுள்ள ஒருவரிடம் ஒரு பருவம் வேலை செய்யட்டும், பிறகு 22 முதல் 26 அடிக்குள், அவுட்போர்டு பூட்டிய, டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய படகில் தொடங்கட்டும். மரினா வாடகை மிச்சம். மூன்றாவது, குடும்ப உல்லாசம்தான் நோக்கம் என்றால், மெதுவாகப் போகும் ஒற்றை டீசல் படகை, ஒத்த மனமுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தத்தோடு வாங்குங்கள். எந்த வழியானாலும் வாங்கும் விலைக்கு நிகரான பாதித் தொகை, தொடாமல் கையில் இருக்க வேண்டும்.

மகனுக்கு முதலில் கோபம். "எல்லாத்துக்கும் பயந்தா எப்படி முன்னேறுறது?" என்று கேட்டானாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிரேன் ஓட்டியவர் வீட்டுப் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தூக்கும் முன் எடை பார்ப்பவரைப் பயந்தவர் என்று துறைமுகத்தில் யாரும் சொல்வதில்லை.

இப்போது அவன் ஓட்டுநர் சான்றுக்கான வகுப்பை விசாரித்துக்கொண்டிருக்கிறான். லங்காவிப் படகின் விளம்பரம் இன்னும் இருக்கிறது. விலை மட்டும் இருமுறை குறைந்திருக்கிறது.